கருச்சாமி பஸ் ஏறவில்லை

பஞ்சாங்கப்படி அன்றைக்குக் கருச்சாமி வாசல் கதவில் குடியிருந்தார். சூயுன் சலூன் ஷட்டரை ஒரே தள்ளாகத் தடாலென்று மேலே ஏற்றினாள். உள்ளே போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. யாரென்று பார்க்க வேண்டியதில்லை. மாமியார் கிம்யெங் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் சுவர்க் காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பாள். அதன் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பாள். படித்த கையோடு அடுத்த சந்தில் இருக்கும் மருமகளைக் கூப்பிடுவாள்.

“இன்னைக்குக் கதவுல இருக்காருடி. இடிக்காத, ஆணி கீணி அடிக்காத. மெதுவாத் தொற.”

“தொறந்தாச்சு அத்தே.”

“மெதுவாவா?”

“சாமி முழிச்சிக்கற அளவுக்கு.”

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கருச்சாமி ஒரு நாள் கதவில் இருப்பார், ஒரு நாள் அடுப்பில், ஒரு நாள் கட்டிலில். அவர் இருக்கிற இடத்தில் வெட்டினாலோ குத்தினாலோ அது வயிற்றுப் பிள்ளையின் மேல் விழும். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று தைவானின் இந்தப் பெய்காங்கில் யாரையும் கேட்கக் கூடாது. நம்பாதவர்களும் அந்தப் பத்து மாதம் கட்டிலை நகர்த்த மாட்டார்கள். சூயுன் நம்புகிறவள்தான். ஆனால் சாமியே ஆனாலும் தன் கடைக்கு வந்தால் வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவள் கட்சி.

குட்டை உருவம், அகலமான தோள். காலை அகட்டி வைத்து, மல்யுத்தத்துக்கு நிற்கிறவள் போல நின்றுதான் முடி வெட்டுவாள். சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசுவாள். பழகியவர்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு புரியும், பழகாதவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காது தெரிய வெட்டிக்கொண்டு போவார்கள். டிவியில் வரும் சமையல்காரரோடு சண்டை போடுவாள். மழையோடு சண்டை போடுவாள். யார் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: “அதுக்கென்ன இப்ப?”

வருஷத்துக்கு ஒரு மிருகம் என்ற கணக்கில் அவள் புலி வருஷத்தில் பிறந்தவள். அந்த ஊரில் அது ஒரு வியாதி மாதிரி. புலி வருஷக்காரி மணப்பெண்ணின் அறைக்குள் நுழையக் கூடாது, பிள்ளை பெற்ற வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கடித்துவிடுவாளாம். அதனால் கல்யாண அலங்காரம் எல்லாம் கடைவீதிப் பார்லருக்குப் போய்விடும். சூயுன் அழுது பார்க்கவில்லை. தன் பெயர்ப்பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புலியை வரையச் சொன்னாள். வரைந்தவனுக்குப் புலி வரவில்லை, மஞ்சள் பூனையாக வந்துவிட்டது. அப்படியே மாட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பின்வாசல் வழியாக வந்து, “சும்மா ஒரு மாதிரி போட்டுக் காட்டுங்க அக்கா” என்று கேட்கும் பெண்கள் உண்டு. மறுநாள் அதே கொண்டையைப் பார்லர்காரி காப்பியடித்துப் போட்டுவிடுவாள். சூயுன் தெருவில் நின்று ஊர்வலத்தைப் பார்ப்பாள். “கொண்டை இடது பக்கம் சாயுது பாரு” என்பாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்கவில்லை. கிம்யெங் மருந்துக்கடை வேர்களை எல்லாம் கோழியோடு சேர்த்து வேக வைத்துக் கொட்டினாள், கடல் தெய்வமான மாசு அம்மன் கோயிலில் முழங்காலைத் தேய்த்தாள். கடைசியில் முயல் வருஷம் பிறந்ததும் சூயுனுக்கு நாள் தள்ளிப்போனது. கிம்யெங் அழுதாள். அழுகை காயும் முன்பே முதல் கட்டளையும் வந்தது. பிரசவம் வரைக்கும் கத்தரியைத் தொடக் கூடாது.

“கத்தரி பட்டா புள்ளைக்கு உதடு கிழிஞ்சிரும்டி. முயல் வாயா வந்து நிக்கும்.”

“அப்ப வர்றவங்க தலைய என்ன பல்லால கடிச்சா வெட்டறது?”

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. கிம்யெங் தினமும் காலையில் விளக்குமாற்றோடு கடைக்கு வருவாள். சுழல் நாற்காலி, கண்ணாடி, கத்தரி வைக்கிற தட்டு எல்லாவற்றையும் மெல்லப் பெருக்கி, “கொஞ்சம் நகருங்க சாமி, வேலை ஆகணும், நகருங்க” என்பாள். சாமி நகர்ந்ததும் சூயுன் கத்தரியை எடுப்பாள். துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் தலையையும் ஒரு தடவை பெருக்கிவிட்டுத்தான் கிழவி போவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊசி விஷயத்தில்தான் பெருக்கிச் சமாளிக்க முடியவில்லை. முப்பத்தேழு வயது என்பதால், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத்து நீர் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். குரோமோசோமில் கோளாறு இருந்தால் தெரிந்துவிடும். கிம்யெங் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கத்தரியாவது வெளியே இருக்கிறது, இது சாமி இருக்கிற வீட்டுக்குள்ளேயே ஈட்டியை விடுகிற வேலை. போதாததற்கு அன்றைக்குப் பஞ்சாங்கத்தில் அவர் கட்டிலில் இருந்தார்.

“நம்ம வீட்டுக் கட்டில்லதானே அத்தே இருக்காரு? ஆஸ்பத்திரி ஜியாயில இருக்கு. அவரு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாரா?”

“வாயப் பாரு, வாய! உனக்கு எதுக்குடி அதெல்லாம் தெரியணும்? வர்றது வரட்டும்.”

“வர்றவங்க யாருன்னு தெரிஞ்சிக்கிட்டா நாற்காலி போட்டு வெக்கலாம்ல.”

தனியாகவே பஸ் ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். சில வாரத்தில் குரோமோசோம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. கிம்யெங் அம்மனுக்குப் பழத்தட்டு வைத்துவிட்டு, எல்லாம் தன் விளக்குமாற்றின் மகிமை என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அடுத்தது உறுப்பு உறுப்பாகப் பார்க்கிற பெரிய ஸ்கேன். இந்தத் தடவை புருஷன் யூஷெங்கும் கூடப் போனான். வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன், பேச்சு குறைவு. ஸ்கேன் எடுக்கிற பெண் கலகலப்பானவள். “இது முதுகெலும்பு, முத்துமாலை மாதிரி இருக்கு பாருங்க... இது இதயம், நாலு அறையும் இருக்கு... இது கால், உதைக்கிறா” என்று ஊர் சுற்றிக் காட்டுவது போல் காட்டிக்கொண்டு வந்தாள். முகத்துக்கு வந்தபோது பிள்ளை கையை வைத்து வாயை மூடிக்கொண்டிருந்தது. இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னாள்.

சூயுன் கீழே போய்ச் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தாள். வயிற்றைத் தட்டி, “கையை எடுடி, உன்னைப் பாக்கத்தான் வந்திருக்கோம்” என்றாள். திரும்பப் போய்ப் படுத்தபோது பிள்ளை கையை எடுத்திருந்தது. கலகலப்பான பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். கருவியை மட்டும் அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். அந்த மௌனம் நீளநீளச் சூயுன் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்தாள். அவள் பயந்து பார்த்தவர்கள் குறைவு, அன்றைக்கு யூஷெங் பார்த்தான்.

டாக்டர் வந்து சுற்றி வளைக்காமல் சொன்னார். மேலுதட்டில் இடது பக்கம் பிளவு இருக்கிறது. அண்ணம் மூடியிருப்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் பிறந்த பிறகுதான் உறுதி. மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கின்றன. முன்பு எடுத்த நீரில் மிச்சம் இருக்கிறது, அதில் மரபணுவை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். சில சமயம் இந்தப் பிளவு தனியாக வராது, கூடவே வேறு கோளாறும் வரும்.

“பால் குடிப்பாளா?” அதுதான் சூயுன் கேட்ட முதல் கேள்வி.

“குடிப்பா. அதுக்குன்னு தனிப் புட்டி இருக்கு. மூணு மாசம் வாக்குல உதட்டத் தெச்சிருவாங்க.” டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். “வேண்டாம்னு நெனச்சாலும் இருபத்துநாலு வாரம் வரைக்கும் சட்டம் வழி விட்டிருக்கு. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. யாரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில் டாக்டருக்கு அனுபவம் போதவில்லை. அவர் பெய்காங்கில் குடியிருந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் விளக்குமாறு மூலைக்குப் போய்விட்டது. கிம்யெங் வாடிக்கையாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“சொன்னேனா இல்லையா? கத்தரி, கத்தரின்னு தொண்ட கிழியக் கத்தினேனே. முயல் வருஷத்துல முயல் வாயோட ஒரு புள்ள. ஊரே சிரிக்கும்டி.”

“முயல் வருஷத்துப் புள்ள முயல் வாயோட வந்தா அதுக்கென்ன இப்ப? நாய் வருஷத்துல பொறந்த நீங்க வாலோடயா வந்தீங்க? குரைக்க மட்டும் நல்லாக் கத்துக்கிட்டீங்க.”

வேறு மாமியாராக இருந்தால் அத்தோடு உறவு முறிந்திருக்கும். கிம்யெங்குக்குத் தன் காரியம் பெரிது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “டாக்டரே நேரம் குடுத்திருக்காருல்ல. இது போகட்டும்டி. இன்னொண்ணு தங்காமயா போயிரும்? அந்தப் பொண்ணு வளந்து நம்மளத்தான் கேக்கும், ஏன் பெத்தீங்கன்னு.”

“பஸ் ஏறிப் போயி ஊசி குத்திக்கிட்டது இவளத் தெரிஞ்சிக்கத்தான். தெரிஞ்சிக்கறது வேற அத்தே, தீத்துக்கட்டறது வேற.”

மறுநாள் ஸ்கேனில் எடுத்த முகப்படத்தைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டினாள். மஞ்சள் நிறத்தில், களிமண்ணில் பிடித்தது போன்ற படம். மூடிய கண், சப்பை மூக்கு, உதட்டில் அந்தப் பிளவு. முடி வெட்டிக்கொள்கிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் மகள் முகத்தையும் பார்த்தாக வேண்டும். சிலர் பார்த்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தி எதிர்ச் சாரிக்கு மாறி, வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்தாள். “வேகமாப் போ, புலி பாக்குது!” என்று சூயுன் கடைக்குள்ளிருந்தே கத்தினாள். பிறகு உள்ளே போய்த் தலை அலசும் தொட்டியைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினாள்.

அவளைக் கருவைக் கலைக்கக் கூடாதென்று கொடி பிடிக்கிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கைக்காரி, இதயமே சரியாக உருவாகாத பிள்ளையை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். சூயுன் அவள் தலைக்கு வெந்நீர் ஊற்றி, வெகு நேரம் விரலால் பிடித்துவிட்டாள். சீப்பைக் கூட வாயில் வைக்கவில்லை. அவள் போன பிறகு கடையில் இருந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தபோது, “அது அவ வயிறு, அவ கணக்கு. வாய மூடிட்டுத் தலையக் குனிங்க” என்றாள். இப்போது இது தன் வயிறு, தன் கணக்கு என்பதுதான் அவள் சொன்னதெல்லாம்.

கிம்யெங் மகனைப் பிடித்துக்கொண்டாள். சிலிண்டர் இறக்கிவிட்டு வரும் வழியெல்லாம் அவனுக்குப் போன். யூஷெங் தராசு முள் போல ஆடினான். வீட்டில் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தபடியே, “அம்மா சொல்றதும் ஒரு வகையில...” என்று தொடங்குவான். “எந்த வகையில?” என்று அவள் கேட்டால் முடிக்க மாட்டான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் ஒன்றுதான் சூயுனைத் தின்றது. ஊரோடு மல்லுக்கு நிற்க அவளால் முடியும். தன் பக்கத்தில் படுப்பவனோடும் சேர்த்து நிற்பது கஷ்டம்.

மரபணு முடிவு வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். கிம்யெங்கும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டாள். ஆலோசகர் சின்னப் பெண். வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்துகொண்டே கேட்டாள். நுணுக்கப் பரிசோதனையிலும் வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை என்றும், கண்ணுக்குத் தப்புவது எப்போதும் கொஞ்சம் இருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

“ரெண்டு பக்கத்துலயும் சொந்தத்துல யாருக்காவது உதடு, அண்ணம் இப்படி இருந்திருக்கா?”

சூயுன் தன் பக்கம் இல்லை என்றாள். “எங்க பரம்பரையில கிடையவே கிடையாது. இதுக்கு வேற காரணம்” என்றாள் கிம்யெங், மருமகளின் கையைப் பார்த்தபடி.

ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். யூஷெங்கின் கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் விளிம்பில் அவன் மீசை தெரிந்தது. அந்த ஊர் ஆண்கள் யாரும் மீசை வைப்பதில்லை, இவன் மட்டும் முளைத்த நாளிலிருந்து வைத்திருக்கிறான். ஆறு வருஷமாக அதைத் திருத்திவிடுகிறவள் சூயுன்தான். அடியில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, மூக்கிலிருந்து உதடு வரைக்கும். அந்தக் கோட்டில் முடி முளைக்காது, பக்கத்து முடியை வாரித்தான் மூட வேண்டும். இரண்டு வயதில் கோயில் படியில் விழுந்து கிழிந்தது என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அவன் அம்மா சொன்னது.

“ஆ-ஷெங்” என்று புருஷனைக் கூப்பிட்டாள் சூயுன். “நீ எந்தக் கோயில் படியில விழுந்த?”

“அதான்... பழைய ஊர்ல. அம்மாவுக்குத்தான் தெரியும்.”

“எந்தக் கோயில் அத்தே?”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “கவசத்தக் கொஞ்சம் இறக்கிக் காட்டறீங்களா?” என்று யூஷெங்கை மெல்லக் கேட்டாள். அவன் இறக்கினான். அவள் கிட்ட வந்து பார்த்தாள். மூக்கின் ஒரு பக்கம் லேசாகத் தட்டையாக இருப்பதையும் பார்த்தாள். “இது விழுந்த காயம் மாதிரி தெரியலீங்க. தையல் போட்டுச் சேத்திருக்காங்க” என்றாள்.

கிம்யெங் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “ஒரே ஒரு தடவதான்” என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். “கட்டில்ல உக்காந்து தலகாணி உறைக்குத் துணி வெட்டினேன். ஒரே ஒரு தடவ. அன்னைக்கு சாமி எங்க இருக்காருன்னு பாக்கல. எம் மாமியா சாகற வரைக்கும் எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கத்தரிக்காரின்னுதான் கூப்பிடுவா. தைபேயில கொண்டு போயித் தெச்சு, அந்த ஊரே வேணாம்னு பெய்காங்குக்கு வந்தோம்.”

“கத்தரி இதைச் செய்யாதுங்க அம்மா” என்றாள் ஆலோசகர். “கரு உண்டான ஒண்ணு ரெண்டு மாசத்துலயே உதடு சேர்றது முடிஞ்சிரும். சில குடும்பத்துல இது கொஞ்சம் கூடுதலா வரும். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா புள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். நீங்களும் செய்யல, இவங்களும் செய்யல.”

நாற்பது வருஷம். சூயுனுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். “உங்க தலையில ஏத்தி வெச்ச பழிய எறக்கி என் தலையில வெக்கப் பாத்தீங்களே! வலி எப்படின்னு தெரிஞ்ச நீங்களே!” என்று அந்தச் சின்ன அறை அதிரக் கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான் கிழவி கைப்பைக்குப் பின்னால் முகத்தை மறைத்திருப்பது கண்ணில் பட்டது. அப்போதும் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. அது மாமியாரின் மாமியார் மேல் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

யூஷெங் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். “அம்மா” என்றான். “அப்ப என்னையும் பெத்திருக்கக் கூடாதா?”

கிம்யெங் அவனைப் பார்த்தாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் யூஷெங் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை, சூயுன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டான். அதற்கப்புறம் இருபத்துநாலு வாரம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

கிம்யெங் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “புள்ள வரட்டும். நானே தூக்கி வளக்கறேன். ஆனா ஆ-ஷெங் விஷயம் மட்டும் வெளிய போக வேணாம்டி. இந்த வயசுல திரும்ப என்னால அந்தப் பேர வாங்க முடியாது.” சூயுன் வாக்குக் கொடுத்தாள். கொடுத்திருக்க வேண்டாம் என்று அவளுக்கே பல நாள் தோன்றியது. தெரு முழுக்கக் கத்தரி, கத்தரி என்று பேசிற்று. அவளும் கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டே இருந்தாள். வலி எடுத்த அன்றைக்குக் கூட ஒரு தலையைப் பாதியில் விடாமல் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண் பிறந்தாள். அண்ணம் முழுசாக இருந்தது. பிழிகிற புட்டியில் பால் குடித்தாள், பாதி உதட்டோரம் வழிந்தாலும் விடாமல் குடித்தாள். “எம் பொண்ணு, வேற யாரு” என்றாள் சூயுன்.

பிறந்து ஒரு மாதம் நிறைகிற விருந்தை உதடு தைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கிம்யெங் ஜாடை காட்டிப் பார்த்தாள். சூயுன் தெருவுக்கே எண்ணெய்ச் சோறும் சிவப்பு முட்டையும் சொல்லிவிட்டாள். சோற்றுப் பெட்டிக்குள் பிள்ளையின் படம் வைத்துக் கொடுப்பது வழக்கம். பக்கவாட்டில் எடுக்கலாம், இல்லாவிட்டால் வாயில் ரப்பர் சூப்பானையாவது வைக்கலாம் என்றான் படம் எடுக்க வந்தவன். “எம் பொண்ணு என்ன போலீஸ் தேடற ஆளா, மூஞ்சிய மறைக்க?” என்று கேட்டு நேர்முகமாக எடுக்க வைத்தாள்.

அந்த நாளில் சலூன் நிரம்பி வழிந்தது. புலி வருஷக்காரி பெற்ற வீட்டுக்கு யார் போகலாம், போகக் கூடாது என்பதில் ஊருக்கே குழப்பம் வந்ததால் எல்லோருமே வந்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பிறந்த முடி எடுக்கிற நாள். வெந்நீர்த் தட்டில் ஒரு கோழிமுட்டை, ஒரு வாத்துமுட்டை, ஒரு கூழாங்கல். சூயுன் பச்சைத் தலையை இடது உள்ளங்கையில் தாங்கி, நுரை தடவி, ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்தாள். அடுத்தது பாட்டியின் முறை. உரித்த கோழிமுட்டையைப் பிள்ளையின் முகத்தில் மெல்ல உருட்டி வாழ்த்துச் சொல்ல வேண்டும்: கோழிமுட்டை மாதிரி முகம், வாத்துமுட்டை மாதிரி உடம்பு.

கிம்யெங் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு முட்டையை எடுத்தாள். நெற்றியில் உருட்டினாள், கன்னத்தில் உருட்டினாள். உதட்டருகே வந்ததும் கை நின்றது. “கோழிமுட்டை...” என்றாள்.

எதிர்க்கடை ஆ-லான் வேர்க்கடலை விற்பவள். உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டாள். “எத்தன தடவ சொன்னேன், அந்தக் கத்தரியக் கொஞ்ச நாள் மூட்ட கட்டி வைடின்னு. பெத்தவ வீம்பு, பாவம், புள்ள வாயில எழுதியிருக்கு.”

கடை அடங்கிப் போயிற்று. எல்லோரும் சூயுனின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாய் ஆ-லானை எத்தனை துண்டாக நறுக்கப் போகிறது என்று காத்திருந்தார்கள். சூயுன் வாயைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவள் பதில் இல்லாமல் நின்றதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

மூலையில் எண்ணெய்ச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த யூஷெங் கரண்டியைக் கீழே வைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான். மேலுதட்டைத் தொட்டுக் காட்டினான்.

“இதை எடுத்துரு.”

“ஆ-ஷெங்!” என்றாள் கிம்யெங்.

“நான் எந்தப் படியிலயும் விழலையே அம்மா.”

சூயுன் அவன் முகத்தையே பார்த்தபடி காலை அகட்டி வைத்து நின்றுகொண்டு நுரையைத் தடவினாள். கத்தி இழுக்கிற சத்தமும் ஆ-லான் கடலை மெல்வதை நிறுத்திய சத்தமும்தான் கேட்டன. மூன்று இழுப்பில் மீசை போயிற்று. மூக்கிலிருந்து உதட்டுக்கு அந்த வெள்ளைக் கோடு, கோணலாக, பழைய தையலின் புள்ளிகளோடு வெளியே வந்தது.

கிம்யெங் பிள்ளையோடு எழுந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “எங்க வீட்டு வாய்” என்றாள் ஆ-லானைப் பார்த்து. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். “எங்க வீட்டு வாய்டி இது. நல்லாப் பாத்துக்க.”

சூயுன் புருஷனின் உதட்டில் மிச்சமிருந்த நுரையைத் துண்டால் துடைத்தாள். நாற்காலியைத் தெருவைப் பார்க்கச் சுழற்றினாள். அவன் முகம் உயரத்தில் இருந்தது, கிழவியின் கையில் மகள் முகம் தாழ இருந்தது. அவள் பாதத்தால் மிதியை அழுத்தினாள். நாற்காலி புஸ்ஸென்று மெல்ல இறங்கிற்று. இரண்டு வாயும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் காலை எடுத்தாள்.